மலிவாக ஒரு வணிகப் பட்டம், அதனோடு ஒரு சிறப்புப் பாடம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகும் மே மாதத்தில் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், அங்கத்தினர்கள் நம்மிடம் முதலில் கேட்பது நூல் விலையைப் பற்றியன்று. கரும்புப் பணப் பாக்கியைப் பற்றியும் அன்று. "பெண் வணிகம் படிக்கவேண்டும் என்கிறாள், எங்கே சேர்க்கலாம், எவ்வளவு ஆகும்?" என்பதே அவர்தம் வினா. பதிவேடுகளைப் பரிசீலிக்க வந்த நமக்கு இது புறம்பான விஷயம் என்று தள்ளிவிட மனம் வருவதில்லை. இவ்வினாவுக்குத் தவறான விடை கிடைத்துவிட்ட வீட்டில் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குச் சங்கக் கடனின் தவணை தவறிக்கொண்டே போவதை அதே பதிவேடுகளில்தான் நாம் காண்கிறோம்.

வணிகம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இன்று இரண்டு பட்டங்கள் முன்நிற்கின்றன. ஒன்று வணிகவியல் பட்டமாகிய பி.காம்.; மற்றது வணிக நிர்வாகப் பட்டமாகிய பி.பி.ஏ. இவ்விரண்டோடும் ஒரு சிறப்புப் பாடத்தைச் சேர்த்து அளிப்பது இப்போதைய வழக்கம். கணினிப் பயன்பாடு, வங்கியியல், சரக்குப் போக்குவரத்து, இணையவழி விற்பனை, தரவுப் பகுப்பாய்வு எனப் பெயர்கள் பலவாகும். இவற்றுள் பயனற்றது என்று எதையும் நாம் சொல்லமாட்டோம். ஆனால் பெயர் நீளநீளக் கட்டணமும் நீள்வதைக் கவனிக்கவேண்டும். நமது அபிப்பிராயம் இதுவே: பட்டத்தை அரசு கல்லூரியில் பெறுவது, சிறப்புப் பாடத்தை நம் தொழிலுக்கு ஏற்றதாகத் தேர்ந்து, தனியே, குறைந்த செலவில் அதனோடு சேர்த்துக்கொள்வது. இரண்டையும் ஒரே கடையில் ஒரே மூட்டையாக வாங்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஏதுமில்லை.

சிறப்புப் பாடம் என்பது பட்டத்தில் எத்தனை பங்கு என்று அறிந்தால் இது இன்னும் தெளிவாகும். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட அமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்கு மொத்தம் 120 மதிப்பலகுகள். அவற்றுள் முதன்மைப் பாடத்துக்கு 60, துணைச் சிறப்புப் பாடத்துக்கு 24. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் யாவும் இதே அச்சில் நடப்பவையல்ல. 2025 ஆகஸ்டு மாதத்தில் மாநில அரசு தனக்கென ஒரு கல்விக் கொள்கையையே வெளியிட்டுள்ளது. எனினும் அளவு புரிய இது போதும். பட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்காக, முழுப் பட்டத்துக்கும் பல மடங்கு கட்டணம் செலுத்துவது சிக்கனத்தைப் போற்றும் கூட்டுறவாளருக்கு அழகாகுமா என்பதை அங்கத்தினர்களே யோசிக்கலாம்.

சின்னசேலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் நெசவாள அங்கத்தினர் ஒருவர் ஒரு கல்லூரியின் வண்ணக் கையேட்டை நம்மிடம் நீட்டினார். கல்லூரியின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. பி.பி.ஏ. பட்டத்தோடு மூன்று சிறப்புப் பாடங்கள் என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. "வீட்டில் நாலு பவுன் இருக்குதுங்க ஐயா, வச்சுடலாமா?" என்று கேட்டார். அவர் மகளை அழைத்து, என்ன படிக்க ஆசை என்று வினவினோம். அச்சிறுமி, கையேட்டில் கண்ட மூன்றில் ஒன்றையும் சொல்லவில்லை. "கணக்கு எழுதறது பிடிக்குங்க" என்றாள். தந்தை சங்கத்தில் வாங்கும் நூலையும் திருப்பித் தரும் துணியையும் நான்கு ஆண்டுகளாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருபவள் அவளே. அரசு கல்லூரியின் தரவரிசைப் பட்டியல் வரும்வரை இரண்டு வாரம் பொறுத்திருக்கும்படி தந்தையிடம் கூறினோம். இப்போது அவள் அரசு கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான்கு பவுனும் வீட்டிலேயே இருக்கிறது.

இனிச் செலவைப் பார்ப்போம். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் மட்டும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் கீழ் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கிய திட்டம் இது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9-இல் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோருக்கும் இவை உண்டு. மூன்றாண்டுகளில் 36 மாதம் தவறாது வந்தால் 36,000 ரூபாயாகும். ஒரு லட்சம் ரூபாயை நூற்றுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு வட்டியில் நகைக்கடனாக வாங்கினால் மூன்றாண்டுகளில் வட்டி மட்டும் எவ்வளவு என்று பாருங்கள்: அதுவும் 36,000 ரூபாயே! ஒரு வழியில் அத்தொகை வீட்டுக்குள் வருகிறது. மற்றொரு வழியில் வெளியே போகிறது. இரண்டு வீடுகளுக்கும் உள்ள வித்தியாசம் 72,000 ரூபாய், அசலைச் சேர்க்காமலே.

ஆனால் கட்டணம் இல்லை என்றவுடன் செலவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. பேருந்து, மதிய உணவு, புத்தகம், இணைய இணைப்பு, ஆடை ஆகியவை மாதந்தோறும் வருவன. அத்துடன், தறியில் பாவு புனையவும் ஊடை சுற்றவும் உதவிய பிள்ளை கல்லூரிக்குப் போனால் அந்த உழைப்பின் கூலியும் வீட்டுக்கு நஷ்டமே. இவற்றையும் எழுதிப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

நமது கள்ளக்குறிச்சி, விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26-இல் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அரசு கல்லூரியைத் தேடி விழுப்புரத்துக்கும் விருத்தாசலத்துக்கும் ஆத்தூரை அடுத்த வடசென்னிமலைக்கும் சென்றதை மூத்த அங்கத்தினர்கள் அறிவார்கள். இன்று கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், ரிஷிவந்தியம் ஆகிய ஊர்களின் பெயரிலேயே அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் உள்ளன. இம்மாவட்டத்துக் கல்லூரிகள் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. விண்ணப்பம் இணையவழியே பெறப்படுகிறது. விண்ணப்பக் கட்டணமும் ஐம்பது ரூபாயை ஒட்டியதே. ஒரே விண்ணப்பத்தோடு நின்றுவிடாமல் அண்டை மாவட்டக் கல்லூரிகளுக்கும் போட்டுவைப்பது புத்திசாலித்தனம். வணிகவியல் இடங்கள்தாம் விரைவில் நிரம்புகின்றன.

பயிற்றுமொழியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆங்கிலவழி என்றால் மதிப்பு என்று எண்ணிப் பெற்றோர் பலர் கல்லூரியில் அதைக் கேட்டு வாங்குகின்றனர். தமிழ்வழி பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. 2020-இல் செய்த திருத்தத்தின்படி, பட்டம் வேண்டும் பணிக்குப் பள்ளி முதல் பட்டம் வரை முழுவதும் தமிழ்வழி பயின்றிருக்கவேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை கல்லூரியில் வழியை மாற்றினால், சேர்த்துவைத்த அந்த உரிமையை இழக்கிறது. தெரிந்து இழப்பதாயின் அது அவரவர் விருப்பம்.

எந்தச் சிறப்புப் பாடம்?

இதற்கு விடை காணக் கையேடுகளைப் புரட்டவேண்டாம். நம் சங்கங்களின் உள்ளே எட்டிப் பார்த்தால் போதும்.

நெசவாளர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். நூலின் நம்பர் என்பது என்ன என்று நம் நெசவாளர் எவரையும் கேளுங்கள்; 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடையில் எத்தனை அடங்குமோ அதுவே நம்பர் என்று விளக்குவார். நாற்பதாம் நம்பருக்கும் அறுபதாம் நம்பருக்கும் உள்ள வேறுபாட்டை விரலால் தடவியே சொல்லிவிடுவார். ஆனால் அதே நூலின் விலை கிலோவுக்குச் சில ரூபாய் ஏறினால் ஒரு சேலையின் அடக்கவிலை எவ்வளவு ஏறும், சாயக்கூலியும் பாவுக்கூலியும் நெசவுக்கூலியும் நிர்வாகச் செலவும் சேர்ந்து அது எங்கே நிற்கும், விற்பனையில் கொடுத்த தள்ளுபடிக்குரிய மானியம் அரசிடமிருந்து வந்துசேரும் வரை சங்கத்தின் பணம் எத்தனை மாதம் முடங்கிக் கிடக்கும் என்பனவற்றை அவரால் சொல்ல இயலாது. இவற்றைச் சொல்லக் கற்றது அவர் மகள் பயிலும் அடக்கவிலைக் கணக்கியல் என்னும் பாடம். அந்த மகளுக்கோ, பாடநூலில் வரும் உதாரணம் ஏதோ ஓர் இயந்திரத் தொழிற்சாலையைப் பற்றியது. தன் வீட்டுத் தறிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எவரும் காட்டிக் கொடுத்ததில்லை. தந்தையிடம் நம்பர் இருக்கிறது. மகளிடம் கணக்கு இருக்கிறது. சங்கத்திலோ சேலை தேங்கிக் கிடக்கிறது. இவ்விரண்டு அறிவையும் ஒருங்கே உடையவர் ஒருவர் இல்லாமையால் நஷ்டத்துக்கு விலை நிர்ணயித்த சங்கங்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆகவே நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அடக்கவிலைக் கணக்கும் சரக்கு-சேவை வரியும் டேலி போன்ற கணினிக் கணக்குமுறையும் முதலில் வேண்டியவை. இணையவழி விற்பனை அதன் பின்னர் வரலாம். அடக்கவிலை அறியாமல் இணையத்தில் விற்பது நஷ்டத்தை வேகமாக அடையும் மார்க்கமே அன்றி வேறில்லை.

கரும்பு விவசாயியின் வீட்டில் தேவை சற்று வேறு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் உள்ள இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்கு வெட்டி அனுப்பும் அங்கத்தினர் எத்தனை பேர் தங்கள் கிரயப் பட்டியைத் தாமே சரிபார்க்கிறார்கள்? 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நியாய விலை, சர்க்கரைக் கட்டுமானம் 10.25 விழுக்காடாக இருந்தால் குவிண்டாலுக்கு 355 ரூபாய். கட்டுமானம் 0.1 விழுக்காடு குறையுந்தோறும் 3 ரூபாய் 46 காசு குறையும். 9.5 விழுக்காட்டுக்குக் கீழே எவ்வளவு தாழ்ந்தாலும் 329 ரூபாய் 5 காசுக்குக் குறையலாகாது. அதாவது டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு. 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, கரும்பு பெற்ற 14 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. முப்பது டன் அனுப்பியவருக்கு அந்தக் குறைந்த விலையில் வரவேண்டியது 98,715 ரூபாய். கெடு கடந்து அறுபது நாள் தாமதமானால் வட்டி 2,434 ரூபாய். இதைக் கணக்கிடப் பட்டம் வேண்டுவதில்லைதான். ஆனால் இதைக் கேட்டுப் பெறுவதற்கு, ஆணையைப் படித்து விண்ணப்பம் எழுதவும் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஆண்டறிக்கையின் வரிகளைச் சுட்டிக்காட்டவும் தெரிந்த ஒருவர் ஊருக்கு ஒருவராவது வேண்டும். வணிகச் சட்டமும் விளைபொருள் விற்பனையும் இவர்களுக்கேற்ற சிறப்புப் பாடங்கள்.

இரு சாராருக்கும் பொதுவான ஒன்று உண்டு, அதுவே கூட்டுறவு. கூட்டுறவைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பி.காம். பட்டம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாகவே உள்ளது. கூட்டுறவு நிறுவனங்களின் உதவியாளர் பணிக்கு வரும் அறிவிக்கைகளில் பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கப்படுகிறது. கணக்குப் பதிவியல், வங்கியியல், கூட்டுறவு, தணிக்கை ஆகிய தாள்களோடு கூட்டுறவுப் பட்டம் பெற்றவர்களுக்கு அப்பயிற்சியிலிருந்து விலக்கு அளிப்பதும் வழக்கம். பொது பி.காம். படித்தவர் அதன்பின் தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் மேலாண்மை நிலையங்களில் ஓராண்டுக் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி பெறலாம். அதற்கான கட்டணம் அண்மை ஆண்டுகளில் இருபதாயிரம் ரூபாயை ஒட்டி அமைந்திருக்கிறது. அதனுள்ளேயே கணினிப் பயிற்சியும் நகை மதிப்பீட்டுப் பயிற்சியும் அடங்கும். இவ்விரு வழிகளில் எது சிக்கனம் என்பது ஊரைப் பொறுத்தது. கூட்டுறவுப் பட்டம் உள்ள கல்லூரி தொலைவில் இருந்து, மூன்றாண்டுகள் வெளியூரில் தங்கிச் சாப்பிட வேண்டியிருக்குமானால், அருகில் உள்ள கல்லூரியில் பொது வணிகவியலை முடித்துப் பின்னர் ஓராண்டுப் பட்டயம் பெறுவதே நமக்குச் சரியாகப் படுகிறது. கல்லூரி அருகிலேயே கிடைத்தால் ஓராண்டு மிச்சம்.

இப்பாடத்துக்கு இனித் தேவை குறையும் என்று அஞ்சவேண்டியதில்லை. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பெட்டிகள் வந்து இறங்குவது எளிது; அவற்றில் பதிவு செய்யவும் பதிந்ததைப் படித்துப் பொருள் சொல்லவும் ஆள் வேண்டும்.

கல்லூரிக்கு அன்றாடம் செல்ல இயலாதவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி உண்டு. 2002-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வணிகப் பட்டங்களை அளிக்கின்றன. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு நிகர் என்று மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு இருந்தால் மட்டும் போதாது. சேரும் ஆண்டுக்கும் சேரும் பாடத்துக்கும் இருக்கவேண்டும். பணம் கட்டுமுன் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். பி.பி.ஏ. பட்டத்துக்கு 2024-25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலும் வேண்டும் என்றாகிவிட்டது; தனியார் கல்லூரியில் சேர்ப்போர் அதையும் கேட்டறியவேண்டும். ஒரே காலத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்ற 2022-ஆம் ஆண்டு அனுமதியைக் காட்டிச் சிலர் ஆசை காட்டுகின்றனர். முதற்பட்டத்தையே ஆழ்ந்து படிக்க நேரமில்லாத நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது எதற்கு? 2017-இல் தொடங்கிய சுவயம் இணையத்தளத்தில் அடக்கவிலைக் கணக்கியல், வரி, சந்தை முதலிய பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம்; தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கு மட்டுமே கட்டணம். பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பது குறையே. இரண்டு மூன்று பிள்ளைகள் சங்கக் கட்டடத்தில் சேர்ந்து அமர்ந்து கேட்டால் அக்குறை பாதியாகும்.

வேலை பார்த்துக்கொண்டே உள்ளூரிலிருந்து பட்டம் பெறுவதைத் தாழ்வாக எண்ணுவோருக்கு ஸ்பெயின் நாட்டின் மோந்திராகோன் என்னும் சிற்றூரை நினைவூட்டுவோம். அங்கு 1943-இல் அரிஸ்மெந்தியரியெத்தா என்ற பாதிரியார் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளியில் பயின்ற பதினொரு இளைஞர்கள், ஊரைவிட்டு நீங்காமல் ஆலைகளில் வேலை செய்துகொண்டே சரகோசா பல்கலைக்கழகத்தின் பொறியியல் தேர்வுகளை எழுதித் தேறினர். அவர்களுள் ஐவர் 1956-இல் தொடங்கிய சிறு பட்டறையே இன்று உலகறிந்த மோந்திராகோன் கூட்டுறவுத் தொகுதியாக வளர்ந்துள்ளது. நம் நாட்டிலும் 2025-இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் கூட்டுறவுக்கென்றே திரிபுவன் சஹ்காரி பல்கலைக்கழகம் சட்டத்தால் நிறுவப்பட்டுள்ளது. அதன் பாடங்கள் நம் மாவட்டத்து எல்லைக்கு எட்டும் நாளை எதிர்பார்ப்போம். அதுவரை கையருகே உள்ளதைப் பயன்படுத்துவோம்.

சங்கங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நிகர லாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்தும் சங்கம், தன் அங்கத்தினர் பிள்ளைகளில் எத்தனை பேர் வணிகவியல் படிக்கின்றனர் என்பதையாவது அறிந்திருக்கவேண்டாமா? துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொதுநல நிதியிலிருந்து தேர்வுக் கட்டணத்தையோ பட்டயப் பயிற்சிக் கட்டணத்தையோ முன்பணமாகத் தரலாம். பணம் இல்லாத சங்கம், விடுமுறையில் வந்து நிற்கும் கல்லூரி மாணவிக்கு ஒரு மாதம் தன் பேரேட்டையும் இருப்புப் பதிவேட்டையும் காட்டி எழுதப் பழக்கலாம். அதற்குக் காசு செலவில்லை. செயலாளர்கள் சிலர் இதற்குத் தயங்குவது நமக்குத் தெரியும். தயக்கத்தின் காரணமும் சில இடங்களில் தெரியும்.

கல்வராயன் மலை அங்கத்தினர்களுக்குத் தனியே சில சொற்கள். வெள்ளிமலையிலிருந்து நாள்தோறும் இறங்கி ஏறிப் படிப்பது ஆகாத காரியம்; பழங்குடியினர் நல விடுதியில் இடம் பெற்றுத்தான் படிக்கவேண்டும். விடுதிக்கும், பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைக்கும் முதலில் கேட்கப்படுவது மலையாளி இனச் சான்றிதழ். ஜூன் மாதத்தில் அதற்கு அலையத் தொடங்கி, கல்லூரியில் இடம் கிடைத்தும் சேரத் தவறிய பிள்ளைகள் உண்டு. இனச் சான்றிதழுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே வட்டாட்சியர், கோட்டாட்சியர் அலுவலகங்கள் வழியே முறைப்படி விண்ணப்பித்து விடவேண்டும். அதனோடு வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, தமிழ்வழிச் சான்று ஆகியவற்றையும் தைப்பொங்கலுக்குள் ஒரு கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும்.